டிராஃப்டில் பெயர் வராத ஜெரமி லின்: 2012 பிப்ரவரியில் உண்மையில் நடந்தது என்ன?

அரைக்கோடு எழுதியது:

2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஜெரமி லின் ஓய்வை அறிவித்ததிலிருந்து, 2012 பிப்ரவரியில் அவர் நியூயார்க் நிக்ஸ் அணிக்கு ஏழு தொடர் வெற்றி தேடித் தந்த பழைய வீடியோக்கள் மறுபடியும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கூடவே பழைய இரண்டு பேச்சுகளும் கிளம்பிவிட்டன. ஒன்று, எங்கிருந்தோ வந்து ஒரே வாரத்தில் நட்சத்திரமான அதிசயப் பிறவி என்பது. இன்னொன்று, நியூயார்க் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கிய பலூன் என்பது. எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. அதனால்தான் இந்த இழை.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வுதான் டிராஃப்ட். அதில் இரண்டு சுற்று, வழக்கமாக மொத்தம் 60 பேரை எடுப்பார்கள். 2010இல் லின் அந்த 60 பேரில் இல்லை. ஹார்வர்டில் பொருளாதாரம் படித்து முடித்திருந்தார். கல்லூரியின் கடைசி ஆண்டில் கனெக்டிகட் மாதிரி பெரிய அணிக்கு எதிராக 30 புள்ளி அடித்தவர். ஆனால் ஹார்வர்டிலிருந்து என்பிஏவுக்கு ஒருவர் போய் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. யார் நம்புவார்கள்?

டிராஃப்டுக்குப் பிறகு டல்லாஸ் மட்டும் சம்மர் லீக் என்ற கோடைகால முயற்சி ஆட்டங்களுக்குக் கூப்பிட்டது. அங்கே அந்த ஆண்டின் முதல் தேர்வான ஜான் வாலுக்கு எதிரே நின்று ஆடியதைப் பார்த்துத்தான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ஒப்பந்தம் கொடுத்தது. அந்த ஒரு பருவத்திலேயே மூன்று முறை கீழ்நிலை லீகில் ரெனோ அணிக்கு அனுப்பினார்கள். 2011 டிசம்பர் 9 அன்று, டிஆன்ட்ரே ஜோர்டானுக்கு வலை வீசப் பணம் ஒதுக்குவதற்காக லின்னை விடுவித்தார்கள். ஜோர்டானும் கடைசியில் வரவில்லை. டிசம்பர் 12 அன்று ஹூஸ்டன் எடுத்துக்கொண்டது. அங்கே கைல் லோரி, கோரன் டிராகிச், ஜானி ஃப்ளின் என்று ஏற்கனவே மூன்று பாயிண்ட் கார்டுகள், அதாவது லின் மாதிரியே பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர்கள். டிசம்பர் 24 அன்று அவர்களும் விடுவித்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து நியூயார்க் நிக்ஸ் எடுத்தது. அதுவும் இமான் ஷம்பர்ட்டுக்கு முழங்காலில் அடிபட்டதால்தான். பாரன் டேவிஸ் முதுகுவலியில் கிடந்தார். ஆள் இல்லாத இடத்துக்கு ஒரு ஆள், அவ்வளவுதான்.

அப்புறம் ஜனவரியில் ஈரி பேஹாக்ஸ் என்ற கீழ்நிலை அணிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரே ஆட்டத்தில் 28 புள்ளி, 11 ரிபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 12 அசிஸ்ட் (கூடையாக மாறிய பாஸ்). அது ஜனவரி 20. உலகம் அவரைக் 'கண்டுபிடிப்பதற்கு' இரண்டு வாரம் முன்பு. அந்த ஆட்டத்தை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

நான் சொல்ல வருவது இதுதான். அந்த வாரத்தில் லின் மாறவில்லை. அவர் கையில் பந்தைக் கொடுத்து, முன்னால் ஒரு ஸ்கிரீன் (காப்பாளரை வழிமறிப்பது) போட்டு, 'நீயே ஓட்டு' என்று என்பிஏவில் ஒருவர் முதல் முறையாகச் சொன்னார். அதைத்தான் நாம் திடீர் எழுச்சி என்கிறோம்.

ஆறாம் ஆள் எழுதியது:

நல்ல தொகுப்பு, ஆனால் பாதிக் கதைதான். எந்தச் சூழலில் அந்த ஆட்டங்கள் வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2011-12 பருவம் லாக்அவுட்டால் (அணி உரிமையாளர்கள் பணத் தகராறில் கதவடைத்தது) 66 ஆட்டமாகச் சுருங்கியது. ஆட்டங்களை நெருக்கி அடைத்திருந்தார்கள். பிப்ரவரி 2, 3, 4 என்று மூன்று இரவு தொடர்ந்து நிக்ஸுக்கு ஆட்டம். சிகாகோவிடம் தோல்வி, பாஸ்டனிடம் தோல்வி, மூன்றாவது நியூ ஜெர்சி நெட்ஸ். வெற்றி 8, தோல்வி 15 என்ற நிலை. பயிற்சியாளர் மைக் டான்டோனியின் வேலையே போகப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம். டோனி டக்ளஸ், மைக் பிபி இருவரும் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியே இல்லாமல்தான் லின்னை இறக்கினார்.

எதிரணிகளிடம் இவர் ஆட்டத்தைப் பற்றி ஒரு குறிப்பும் கிடையாது. ஓய்வில்லாத அட்டவணையில் தயாராக நேரமும் கிடையாது. நெட்ஸ், யூட்டா, வாஷிங்டன், மினசோட்டா, ரொறன்டோ, சேக்ரமென்டோ எல்லாம் பலமான அணிகளா? பிப்ரவரி 23 அன்று மயாமி என்ன செய்தது? ஸ்கிரீனுக்கு மேலேயே இரண்டு பேர் மறித்தார்கள். 11 முயற்சியில் ஒன்றுதான் உள்ளே போனது, 8 டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது), மொத்தம் 8 புள்ளி. அதற்கு மூன்று நாள் முன்பு டெரான் வில்லியம்ஸ் நெட்ஸுக்காக 38 அடித்துப் பழி தீர்த்துக்கொண்டார். லின் நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை. நட்சத்திரம் என்பது வேறு அளவுகோல்.

ஸ்கார்பரோ வாசி எழுதியது:

ஆறாம் ஆள், பட்டியலில் லேக்கர்ஸை விட்டுவிட்டீர்களே! பிப்ரவரி 10, நிக்ஸின் நட்சத்திரங்கள் கார்மெலோ ஆன்டனி இல்லை, அமரே ஸ்டௌடமையர் இல்லை. லேக்கர்ஸின் கோபி ப்ரையன்ட் 34, லின் 38. நிக்ஸ் 92-85. முதல் நாள் கேட்டபோது கோபி இந்தப் பரபரப்பைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். அதன்பிறகு நடந்த ஆட்டம் அது. பிப்ரவரி 19 டல்லாஸ் ஆட்டமும் அப்படித்தான். அவர்கள்தான் அப்போதைய நடப்புச் சாம்பியன். 28 புள்ளி, 14 அசிஸ்ட், 104-97 வெற்றி. அது பலவீனமான அணியா?

எங்கட ஊர் ஆட்டத்துக்கும் வருகிறேன். 2012 பிப்ரவரி 14, ரொறன்ரோ. இங்கே நாங்கள் எல்லோரும் ராப்டர்ஸ் ஆட்கள். அப்படியிருந்தும் அன்றைக்கு அரங்கத்தில் பாதிப் பேர் எதிரணிக் கார்டுக்காகக் கத்தினார்கள். ராப்டர்ஸ்தான் முன்னிலையில் இருந்தது. கடைசி ஒன்றரை நிமிசத்துக்குள் லின் கூடையும் ஒரு ஃப்ரீ த்ரோவும் சேர்த்து மூன்று புள்ளி எடுத்து 87-87 ஆக்கினார். பிறகு நிக்ஸிடம் பந்து. டான்டோனி டைம்அவுட் எடுக்கவில்லை. லின் நடுவில் நின்று பந்தைத் தட்டிக்கொண்டே நேரத்தை ஓட விட்டார். எதிரே ஹோசே கால்டரோன். அரை விநாடி மிச்சம் இருக்கும்போது மூன்று புள்ளி. 90-87.

அந்த இடத்தில் டைம்அவுட் எடுக்காமல் இருப்பது என்றால் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். பத்து நாள் முன்பு பெஞ்சின் கடைசியில் இருந்தவரிடம் ஆட்டத்தை ஒப்படைத்துவிட்டுப் பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் பார்த்த ராப்டர்ஸ் தோல்விகளில் எனக்கு வலிக்காத தோல்வி அது ஒன்றுதான்.

கோவை டங்க் எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி. ஒரே ஆளை இரண்டு வாரத்தில் இரண்டு அணிகள் விட்டிருக்கின்றன. அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் சாதாரண ஆட்களா? எப்படித் தவறவிட்டார்கள்?

அரைக்கோடு எழுதியது:

கோவை டங்க், இதற்கு நேர்மையான பதில் ஹூஸ்டன் மேலாளர் டேரில் மோரியிடமிருந்தே வந்தது. அந்தப் பிப்ரவரியிலேயே ட்விட்டரில் எழுதினார்: லின்னை நாங்கள் வைத்திருந்திருக்க வேண்டும், இவ்வளவு நன்றாக ஆடுவார் என்று தெரியாது, தெரியும் என்று யாராவது சொன்னால் அது உண்மை அல்ல. புள்ளிவிவரங்களை நம்பி அணி கட்டுகிறவர் என்று பெயர் எடுத்த மனிதர் சொன்னது இது.

இன்னொரு பக்கமும் உண்டு. வாரியர்ஸ் பார்த்த லின்னும் நிக்ஸ் பார்த்த லின்னும் முற்றிலும் ஒன்றல்ல. 2011 கோடையில் லாக்அவுட் நடந்தபோது அவர் சொந்த ஊரான பாலோ ஆல்டோ பக்கம் இருந்து முழங்கால் காயத்தைச் சரிசெய்துகொண்டார், உடம்பை உரமேற்றினார், டாக் ஷெப்ளர் என்ற பள்ளிப் பயிற்சியாளரிடம் போய் ஷாட்டை அடிமட்டத்திலிருந்து மாற்றிக்கொண்டார். கேமரா எதுவும் இல்லாத மாதங்கள் அவை. அப்புறம் வாரியர்ஸ் முகாம் திறந்த முதல் நாளே வெளியே அனுப்பிவிட்டார்கள். மாறிய ஆட்டத்தை அவர்கள் பார்க்கவே இல்லை.

ஆறாம் ஆள் சொன்ன 'வேறு வழியே இல்லாமல்' என்பதை ஏற்கிறேன். இறக்கியது வேறு வழி இல்லாமல். தொடர்ந்து ஆட வைத்தது அதனால் அல்ல. நெட்ஸ் ஆட்டத்தின் இடைவேளையில் லின்னை இன்னும் அதிகம் ஆடவிடுங்கள் என்று டான்டோனியிடம் சொன்னது கார்மெலோ ஆன்டனி. பின்னாளில் இவர்கள் இருவரையும் எதிரிகளாகவே சித்தரித்த எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஏன் பொருந்தியது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. டான்டோனி ஃபீனிக்ஸில் ஸ்டீவ் நாஷை வைத்து நடத்திய ஆட்டமுறைக்கு உயிரே பிக் அண்ட் ரோல். பெரிய ஆள் வந்து காப்பாளரை மறிப்பார், பாயிண்ட் கார்டு அந்த முனையைத் திரும்பி உள்ளே பாய்வார், மறித்தவர் கூடையை நோக்கி ஓடுவார். நிக்ஸில் மறித்துவிட்டு ஓட டைசன் சான்ட்லர் இருந்தார். மூலையில் நின்று மூன்று புள்ளி அடிக்க ஸ்டீவ் நோவக் இருந்தார். இந்த இரண்டு பேரையும் கண்ணால் தேடிப் பந்தைக் கொடுக்கிற ஒருவர்தான் இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தானே அடிக்கிற இரண்டு நட்சத்திரங்களும் அந்த வாரம் இல்லை. அமரேயின் அண்ணன் விபத்தில் இறந்துபோயிருந்தார், கார்மெலோவுக்கு யூட்டா ஆட்டத்தில் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டது. வாசல் திறந்திருந்தது உண்மை. ஆனால் அந்த முனையைத் திரும்பும்போது முதல் இரண்டு எட்டில் காப்பாளரைத் தாண்டுகிற வேகம் சூழலால் வருவதில்லை. அதே வாசல் டக்ளஸுக்கும் பிபிக்கும் திறந்துதான் இருந்தது.

எண்ணையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க ஐவரில் நின்ற முதல் ஐந்து ஆட்டங்களில் 136 புள்ளி. 1976இல் என்பிஏவும் போட்டி லீகான ஏபிஏவும் ஒன்றானதற்குப் பிறகு வேறு யாரும் அந்த அளவு எடுத்திருக்கவில்லை. ஐந்திலும் 20க்குக் குறையாத புள்ளி, 7க்குக் குறையாத அசிஸ்ட்.

ரிபவுண்ட் ராணி எழுதியது:

எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு ஒரு விஷயத்தைத் தொடாமல் போகிறீர்கள். முகம்.

2006இல் பாலோ ஆல்டோ பள்ளி அணியைக் கலிஃபோர்னியா மாநிலச் சாம்பியன் ஆக்கியவர். பருவம் முழுக்க 32 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. இறுதியில் மேட்டர் டே என்ற பெரிய பள்ளியை 51-47 என்று வீழ்த்தினார்கள். அப்படிப்பட்டவருக்கு முதல் நிலைக் கல்லூரி எதுவும் விளையாட்டு உதவித்தொகை தரவில்லை. பள்ளிக்கு எதிர்ச் சாலையிலேயே ஸ்டான்ஃபோர்டு. சாலையைக் கடக்க வேண்டியதுதான் பாக்கி. அவர்களும் எடுக்கவில்லை. ஹார்வர்டு இருக்கும் ஐவி லீகில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. அங்கே ஆடிய காலத்தில் எதிரணிப் பார்வையாளர்கள் இனத்தைச் சொல்லித் திட்டியதை லின்னே பலமுறை சொல்லியிருக்கிறார். ஏன் உதவித்தொகை வரவில்லை என்று பின்னாளில் தொலைக்காட்சியில் கேட்டபோது, தான் ஆசிய அமெரிக்கன் என்பதுதான் கண்ணுக்குத் தெரிகிற காரணம் என்று பூசி மெழுகாமல் சொன்னார்.

நட்சத்திரம் ஆன பிறகும் அது விடவில்லை. ஏழு தொடர் வெற்றிக்குப் பிறகு பிப்ரவரி 17 அன்று நியூ ஆர்லியன்ஸிடம் நிக்ஸ் தோற்றது. அன்று இரவு ஈஎஸ்பிஎன் கைபேசித் தளத்தில் சீனர்களை இழிவாகச் சொல்லும் சொல்லை வைத்துத் தலைப்பு போட்டார்கள். எழுதியவர் வேலையிழந்தார், அதே சொற்றொடரைத் திரையில் சொன்ன தொகுப்பாளரை 30 நாள் நிறுத்தி வைத்தார்கள். தோற்ற அன்றே வந்தது பாருங்கள்.

நான் பள்ளிப் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். தேர்வுக்கு வருகிறவர்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே உயரத்தையும் உடல்வாகையும் பார்த்து மனதில் ஒரு பட்டியல் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஆட்டத்தில் அந்தப் பட்டியலுக்குச் சாட்சியத்தைத்தான் தேடுகிறார்கள். லின் ஆறடி மூன்றங்குலம், கார்டுக்கு நல்ல உயரம், வேகமும் உண்டு. ஆனாலும் அவரைப் பற்றிய பேச்சில் 'புத்திசாலி', 'உழைப்பாளி' என்றுதான் வரும். அந்த வேகத்தை ஏன் யாரும் எழுதவில்லை?

1947இல் வாட் மிசாகா என்ற ஜப்பானிய அமெரிக்கர் இதே நிக்ஸுக்கு ஆடினார். மூன்றே ஆட்டம், அனுப்பிவிட்டார்கள். அறுபத்தைந்து ஆண்டு கழித்து அதே அணியில் லின். இதை வெறும் ஆட்டக் கணக்காக மட்டும் பார்க்க என்னால் முடியாது.

ஆறாம் ஆள் எழுதியது:

ராணி அக்கா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. கல்லூரிக் காலம் வரை அது பெரிய காரணம்தான். ஆனால் 2012க்குப் பிந்தைய கதைக்கு வருவோம்.

மார்ச் 14 அன்று ஆறு தொடர் தோல்விக்குப் பிறகு டான்டோனி விலகினார். மைக் வுட்சன் வந்தார், பந்து கார்மெலோவிடம் திரும்பிப் போனது, அணி மீதி 24 ஆட்டத்தில் 18 வென்றது. லின் மார்ச் 24க்குப் பிறகு ஆடவே இல்லை, முழங்கால் அறுவை சிகிச்சை. ஆக மொத்தம் அந்த எழுச்சி 26 ஆட்டம். சராசரி 18.5 புள்ளி, 7.6 அசிஸ்ட்.

ஜூலையில் ஹூஸ்டன் கொடுத்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். மூன்று ஆண்டு, சுமார் 2.5 கோடி டாலர். நிக்ஸ் அதற்கு ஈடுகொடுத்திருந்தால் மூன்றாவது ஆண்டில் மட்டும் அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 1.5 கோடி விழும், அதற்கு மேல் ஆடம்பர வரி (சம்பள வரம்பைத் தாண்டும் அணி லீகுக்குக் கட்டுவது) வேறு. வேண்டுமென்றே அப்படி அமைத்த வலை. கார்மெலோ வெளிப்படையாகவே அபத்தமான ஒப்பந்தம் என்றார். நிக்ஸ் விட்டுவிட்டு ரேமண்ட் ஃபெல்டனை எடுத்தார்கள். 2012-13இல் 54 வெற்றி, 2000க்குப் பிறகு முதல் ப்ளேஆஃப் சுற்று வெற்றி. அணியின் கண்ணில் பார்த்தால் அது தப்பான முடிவா?

அரைக்கோடு எழுதியது:

அணிக்கு அந்த ஆண்டு தப்பில்லை. அதற்கடுத்த ஆண்டு என்ன ஆனது என்பதும் தெரியும், 37 வெற்றி.

பணம் என்று பேசினால் இதையும் சேர்க்க வேண்டும். அந்த ஆண்டு நிக்ஸ் ஒளிபரப்பை வைத்து எம்எஸ்ஜி சேனலுக்கும் டைம் வார்னர் கேபிளுக்கும் சண்டை. ஜனவரி 1 முதல் அந்தக் கேபிள் வைத்திருந்த வீடுகளில் நிக்ஸ் ஆட்டமே தெரியாது. நியூயார்க்கில் எத்தனையோ பேர் லின் ஆட்டத்தைப் பார்க்க ஹோட்டல், பார் என்று தேடிப் போனார்கள். பிப்ரவரி 17 அன்று சமரசம் ஆகிவிட்டது. ஐந்து வாரமாக அசையாத இரண்டு பெரிய நிறுவனங்கள் இரண்டு வாரத்தில் இறங்கி வந்தன.

அப்போது அவர் குறைந்தபட்சச் சம்பளக்காரர். அண்ணன் வீட்டு சோபாவில் படுத்துக்கொண்டிருந்தார், நெட்ஸ் ஆட்டத்துக்கு முந்தைய இரவு லாண்ட்ரி ஃபீல்ட்ஸ் வீட்டு சோபா. பிப்ரவரி 10க்குள் விடுவிக்காவிட்டால் பருவம் முழுக்கச் சம்பளம் உறுதி என்பது விதி. அந்தத் தேதிக்கு ஆறு நாள் முன்புதான் நெட்ஸ் ஆட்டம். அன்றும் பெஞ்சிலேயே இருந்திருந்தால்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு லின்னைவிட, ஈரியிலும் ரெனோவிலும் அவரோடு ஆடிய மற்றவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

கோவை டங்க் எழுதியது:

டிராஃப்டில் எடுக்காமலே பெரிய ஆளானவர்கள் வேறு யார்? நம் இந்தியாக்காரர்கள் யாராவது?

ஸ்கார்பரோ வாசி எழுதியது:

எடுக்கப்படாதவர்களில் உச்சம் பென் வாலஸ்தான். 1996இல் யாரும் எடுக்கவில்லை. நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது, 2004இல் டெட்ராய்டோடு சாம்பியன், 2021இல் ஹால் ஆஃப் ஃபேம். நிக்ஸுக்கே ஜான் ஸ்டார்க்ஸ் இருந்தார்.

எங்கட ஃப்ரெட் வான்வ்லீட்டைச் சொல்லாமல் விட மாட்டேன். 2016இல் டிராஃப்ட் இல்லை. 2019 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் வாரியர்ஸுக்கு எதிராக 22 புள்ளி, பிறகு 2022இல் ஆல்ஸ்டார். அதே 2019 ராப்டர்ஸ் அணியில் லின்னும் இருந்தார், பெரும்பாலும் பெஞ்சில். சாம்பியன் மோதிரம் இரண்டு பேருக்கும் கிடைத்தது. அந்தக் கோடையில் தைவானில் பேசும்போது லின் கண்கலங்கிவிட்டார், எந்த அணியும் கூப்பிடவில்லை, தான் அடிமட்டத்தில் கிடப்பதாகச் சொன்னார். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்திய வம்சாவளி என்றால் சிம் புல்லர். இங்கே ரொறன்ரோவில் பிறந்த பஞ்சாபிப் பொடியன், ஏழடி ஐந்தங்குலம். 2014 டிராஃப்டில் எடுக்கவில்லை. 2015 ஏப்ரலில் சேக்ரமென்டோவுக்கு மூன்று ஆட்டம். அதே 2015இல் பஞ்சாபிலிருந்து போன சத்னாம் சிங்கை டல்லாஸ் 52ஆவது ஆளாக எடுத்தது. என்பிஏவில் ஒரு ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை.

ரிபவுண்ட் ராணி எழுதியது:

ஆஸ்டின் ரீவ்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021இல் இரண்டாம் சுற்றில் எடுக்க ஒரு அணி தயாராக இருந்தும் வேண்டாம் என்றுவிட்டு, பிடித்த இடமான லேக்கர்ஸுக்குப் போனார். பின்வரிசைத் தேர்வு என்றால் அணி சொல்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும். எடுக்காமல் விட்டால் நமக்குப் பொருந்துகிற அணியை நாமே பார்த்துப் போகலாம். 2010இல் லின் வாரியர்ஸைத் தேர்ந்தெடுத்ததும் சொந்த ஊர் அணி என்ற ஆசையில்தான். ஆட்டமுறை பொருந்துகிறதா என்று பார்த்துப் போகும் வழக்கம் இப்போதுதான் பரவியிருக்கிறது. 2023இல் மயாமி இறுதிப் போட்டிக்குப் போனபோது கேப் வின்சென்ட், மேக்ஸ் ஸ்ட்ரூஸ், கேலப் மார்ட்டின், டங்கன் ராபின்சன் நாலு பேரும் டிராஃப்டில் வராதவர்கள். தேடிப் பிடித்து வளர்க்கிற அணிகள் இருக்கின்றன.

ஆறாம் ஆள் எழுதியது:

சரி, என் நிலை இதுதான். லின் ஒன்பது பருவம் என்பிஏவில் நின்றார். 2017-18 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்தது, அது இல்லாவிட்டால் அப்போது இருந்த புரூக்ளின் அணியில் இன்னும் ஆடியிருப்பார். ஒன்பது பருவம் என்பது பலூன் இல்லை, அதில் அரைக்கோடுவோடு உடன்படுகிறேன். ஆனால் 26 ஆட்டத்தை வைத்துப் பெரிய நட்சத்திரம் என்று சொல்வதை ஏற்க மாட்டேன்.

கோவை டங்க் எழுதியது:

ஒரே ஒரு ஆட்டம் முழுசாகப் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்? லேக்கர்ஸா, ரொறன்டோவா?

அரைக்கோடு எழுதியது:

டல்லாஸ், பிப்ரவரி 19. எல்லோரும் லேக்கர்ஸ் ஆட்டத்தைச் சொல்வார்கள், 38 புள்ளி என்பதால். ஆனால் டல்லாஸுக்குள் எதிரணிகள் விழித்துக்கொண்டிருந்தன. ஷான் மேரியன் மாதிரி நீண்ட கைக்காரரை அவர் மேல் விட்டார்கள், ஸ்கிரீனில் இரண்டு பேர் பாய்ந்தார்கள், டர்ன்ஓவரும் வந்தது. நிக்ஸ் பின்தங்கியது. அதே மறிப்பைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, ஒவ்வொரு முறையும் வேறு ஆளுக்குக் கொடுக்கிறார். நாலாவது கால் பகுதியில் நோவக்குக்குப் போகிற பந்துகளைக் கவனியுங்கள். ஜே.ஆர். ஸ்மித்துக்கு அன்றுதான் நிக்ஸில் முதல் ஆட்டம், அவரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறார். புள்ளியைப் பார்க்காமல், பந்து இல்லாத நாலு பேர் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், ஆறாம் ஆளோடு அந்த நாலாவது காலை வைத்தே பேசலாம்.